வாசல் வேண்டாம்... மொட்டை மாடி போதும்!

ஒரு வீட்டுல துக்கம்னு தெருவுக்கு எப்படித் தெரியும்? பந்தல், சங்கு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் முதல் ரெண்டு நாளைக்குத்தான். அதுக்கப்புறம் சேதி சொல்ற வேலையை வாசல் எடுத்துக்கும். தண்ணி தெளிச்சிருக்கும்... கோலம் இருக்காது. பால் பாக்கெட் போடுற அண்ணன்லேர்ந்து கீரைக்கார பாட்டி வரைக்கும் எல்லாருக்கும் அந்த பாஷை அத்துப்படி. சில வீடுகள்ல பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் சின்னதா ஒரு கோலம் விழுந்துடும். சில வீடுகள்ல வருஷம் முழுக்கப் பண்டிகை கிடையாது, மார்கழிக்குப் பெரிய கோலமும் கிடையாது. ஊருக்கு ஒண்ணு, சாதிக்கு ஒண்ணு, ஏன்... பெரியம்மாவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணுன்னு ரூல்ஸ் மாறும்.

போன ஐப்பசியிலேர்ந்து தஞ்சாவூர்ல எங்க வீட்டு வாசலும் அப்படித்தான் இருக்கு மக்களே. அம்மா. நாப்பத்தாறு வயசு. என்ன வியாதி, கடைசி வாரம் எப்படிப் போச்சு... அதெல்லாம் இந்தப் பக்கத்துல வேணாம். வழக்கமா கேன்டீன் கலாட்டாவும் அரியர் அலம்பலும் எழுதுற இடம் இது. இந்த ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. கோலம் பத்திப் பேசலாம்.

‘கோலமா? அது எங்க பாட்டி டிபார்ட்மென்ட் ஆச்சே!’ன்னு பக்கத்தைப் புரட்டப்போற கம்ப்யூட்டர் சயின்ஸ் சிங்கங்களே, ஒரு நிமிஷம். நம்மளை முட்டி போட வைக்கிற தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர்ல சாம்ஸ்கி இலக்கணம் படிக்கிறோம்ல? அது எழுத்துக்களை வரிசையா அடுக்குறதுக்கான விதி. அதையே நீளமும் அகலமும் இருக்கிற படங்களுக்கு விரிவாக்கினா என்ன ஆகும்னு யோசிச்சவங்கள்ல, நம்ம சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில வேலை பார்த்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதி முக்கியமானவங்க. கமலா கிருத்திவாசனோட சேர்ந்து 1974-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதுல அவங்க எடுத்துக்கிட்ட உதாரணமே கோலம்தான்! எங்கம்மாவுக்கு இதைச் சொன்னப்ப, “அதான் தெரியுதே... ஒரு புள்ளி தப்புனா மொத்தமும் தப்பு. இதுக்குப் போயி ஆராய்ச்சியா?”ன்னாங்க. ப்ளஸ் டூ பாஸ் ஆன அம்மாகிட்ட நான் வாங்கின தரமான பல்பு அது.

அம்மாகிட்ட ஒரு கோல நோட்டு உண்டு. என்னோட ஆறாம் கிளாஸ் கணக்கு நோட்டுல மிச்சமிருந்த பக்கங்கள்தான். ஒவ்வொரு கோலத்துக்குப் பக்கத்துலயும் ‘7-4 ஊடு’, ‘15-8 ஊடு’ன்னு குறிப்பு இருக்கும். தெரியாத பசங்களுக்காக: நடு வரிசையில 15 புள்ளி, அப்புறம் ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணாக் குறைச்சு, இடைவெளியில வைச்சுக்கிட்டே போய் 8-ல நிறுத்தணும். மொத்தம் 169 புள்ளி. கால்குலேட்டர் இல்லாம அம்மா மனசுக்குள்ள வெச்சிருந்த கணக்கு இது. நோட்டு ஓரத்துல பால் கணக்கும், கேஸ் புக் பண்ணின தேதியும் இருக்கும்.

அப்பாவோட சண்டைன்னா அம்மா பதில் பேச மாட்டாங்க. கோலப்பொடி டப்பாவைத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் ஆறு மணியா இருந்தாலும் சரிதான். இருபது நிமிஷம் கழிச்சு உள்ள வரும்போது அது வேற அம்மா. “தோசை ஊத்தட்டுமா?”ன்னு கேப்பாங்க. ரெண்டாங் கிளாஸ்லேர்ந்து நான்தான் டப்பா பிடிக்கிற அசிஸ்டென்ட். பத்தாவது வர்றப்ப பாதி வாசல் என் கன்ட்ரோல். அப்புறம் திருச்சியில காலேஜ், ஹாஸ்டல். ஹாஸ்டல் ரூமுக்கு ஏது வாசல்? தினமும் காலையில வாட்ஸ்அப்புல கோல போட்டோ வரும். நான் ஒரு ஹார்ட் அனுப்புவேன். அதுதான் எங்க குட் மார்னிங்.

இந்த மார்கழி லீவுக்கு வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்கப் பூசணிப்பூவும் கலர் பொடியுமா ஜொலிக்குது. எங்க வாசல் மட்டும் வெறும் சிமென்ட். அது கூடப் பரவாயில்லை. அத்தை சொன்ன ஒரு வார்த்தைதான் தொண்டையில மாட்டிக்கிச்சு. “வருஷம் திரும்பட்டும் கண்ணு. அப்புறம் இந்த வாசலுக்கு நீதான்.” பாசமாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. அம்மா பார்த்த டூட்டி காலியாயிருக்கு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என் பேருக்கு வந்திருக்கு! அம்மா இல்லாத வீட்டுல பொண்ணு இருந்தா கோலம், சமையல், வெத்தலை பாக்கு வெச்சுக் கொடுக்கிறது எல்லாமே தானா அவ தலையில வந்து உட்காரும். இதே பையனா இருந்தா, “பாவம், பிள்ளை சாப்பிட்டானா”ன்னு கேட்டிருப்பாங்க. உங்கள்ல எத்தனை பேருக்கு இது புரியும்னு எனக்குத் தெரியும்.

எனக்குக் கோலம் வேணும். ஆனா வேலையா வேணாம். என்ன பண்றது?

மொட்டை மாடி! எங்க அத்தை ரூல்ஸ்ல மொட்டை மாடி பத்தி ஒரு வரி கூட இல்லை. அங்கே துணி காயப் போடலாம், வடாம் காயப் போடலாம், சாமி எதுவும் வராது, தெருவும் பார்க்காது. மறுநாள் காலையில அஞ்சரை மணிக்கு டப்பாவோட ஏறிட்டேன்.

முதல் நாள் செம சொதப்பல். ஒண்ணு, மூணு, ஒண்ணுன்னு வெறும் அஞ்சு புள்ளிதான். எல்.கே.ஜி. லெவல் சிக்குக் கோலம். கோடு எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, எல்லாப் புள்ளியையும் சுத்தணும், ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரணும். மூணாவது வளைவுல வழி மறந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துட்டேன். அழுகை வந்துச்சு. அழுது முடிச்சு, தலையில யோசிக்கிறதை விட்டுட்டு கையை அதும்பாட்டுக்கு விட்டப்ப, கை போயிடுச்சு! தலைக்கு மறந்தது விரலுக்குத் தெரிஞ்சிருக்கு.

இதுல எது மனசை அமைதியாக்குதுன்னு எஞ்சினீயரிங் மூளை சும்மா இருக்குமா? கவனிச்சுப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பொடி விழுற வேகம் ஒண்ணு, கை நகர்ற வேகம் ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் கோடு ஒரே தடிமனா வரும். அவசரப்பட்டா கோடு மெலிஞ்சு அறுந்து போகும். தயங்கினா அந்த இடத்துல பொடி குமியும். மனசுல ஓடுற பதட்டம் அப்படியே தரையில தெரிஞ்சுடும். வேற வழியில்லாம கை நிதானமாகும். நீளமான வளைவு இழுக்கும்போது மூச்சை அடக்குறேன், கோடு வந்து சேர்ந்ததும் விடுறேன். இதை யாரும் சொல்லித் தரலை. புள்ளி எண்ணும்போது வேற எதையும் எண்ண முடியாது. ஐ.சி.யூ. வாசல்ல உட்கார்ந்திருந்த ராத்திரிகளைக் கூட.

ஆனா தினமும் இப்படி ஒர்க்அவுட் ஆகும்னு நினைச்சுடாதீங்க. சில நாள் போட்டு முடிச்சதும் கோவம்தான் வரும். ‘இவ்ளோ அழகா வந்திருக்கு, காட்டுறதுக்கு ஆள் இல்லையே’ன்னு காலாலேயே அழிச்ச நாளும் உண்டு. “கோலம் அழியற மாதிரித்தாம்மா மனுஷ வாழ்க்கையும்”னு ஒரு மாமா ஆரம்பிச்சார். மாமா, ப்ளீஸ்... அழிஞ்ச கோலத்தை நாளைக்குத் திரும்பப் போட்டுக்கலாம் மாமா!

ஃப்ரெண்ட்ஸ் சிலர் கூகுள் பண்ணிட்டு வந்து, “மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏத்துக்கிறது... நீ இப்ப எந்த ஸ்டேஜ்?”ன்னு கேட்டாங்க. என்னமோ செமஸ்டர் மாதிரி! அந்த அஞ்சு கட்டத்தை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல எழுதினப்ப, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகள்கிட்ட பேசிட்டுத்தான் எழுதினாங்க. இழந்துட்டு நிக்கிறவங்களுக்குப் போட்ட டைம்டேபிள் இல்லை அது. எனக்கு ஒத்துப்போனது, நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் ரெண்டு பேரும் 1999-ல சொன்னது. துக்கத்துல இருக்கிற மனசு ஊசலாடுமாம். கொஞ்ச நேரம் இழப்பு பக்கம், கொஞ்ச நேரம் அன்றாட வேலை பக்கம். ரெண்டும் வேணும், நடுநடுவுல ரெண்டுலேர்ந்தும் லீவும் வேணும். காலையில மாடியில அழுதுட்டு, பத்து மணிக்கு லேப்ல ஜோக்குக்குச் சிரிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. கேஸ் நார்மல்!

அதே சமயம் மாசக்கணக்கா சாப்பாடு, தூக்கம், படிப்பு எதுவுமே நகரலைன்னா, ‘நானும் போயிடலாமா’ன்னு தோணினா, கோலத்தை நம்பி உட்காராதீங்க. 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ், 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண். ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் திரும்பிப் பார்க்கிறேன், மாடிப்படியில அப்பா. கையில ரெண்டு டம்ளர் காபி. எவ்ளோ நேரமா நிக்கிறார்னு தெரியலை. “அந்த மூலையில உங்கம்மா ரெட்டை இழை விடுவா”ன்னார். இருபது வருஷமா பேப்பரை விட்டுத் தலை நிமிராம இருந்த மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்! “நீங்க புள்ளி வைங்கப்பா”ன்னு டப்பாவை நீட்டினேன். வெச்சார். புள்ளியா அது? ஒவ்வொண்ணும் ஜவ்வரிசி வடாம் சைஸ். வரிசை அரசு பஸ் ஸ்டாண்ட் க்யூ மாதிரி வளைஞ்சு போச்சு. அம்மா போனதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அன்னிக்குத்தான்.

இப்ப ஹாஸ்டல்லயும் தொடருது. வார்டனுக்குப் பொடின்னா அலர்ஜி. அதனால சாக்பீஸ், இல்லைன்னா ரஃப் நோட்டு. சாக்பீஸ்ல அந்தப் பொடி விழுற சுகம் கிடையாது, பாதி எஃபெக்ட்தான். பக்கத்து ரூம்ல ஒருத்திக்கு அப்பா இல்லை. அவளுக்குக் கோலமே வராது. ஞாயித்துக்கிழமை சும்மா வந்து பக்கத்துல உட்கார்ந்து புள்ளி எண்ணுவா. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி எதுவும் பேசிக்கிறது இல்லை.

அடுத்த மாசம் அம்மாவோட முதல் வருஷத் திதி. எங்க வீட்டு வழக்கப்படி திதி நாள்ல எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வாசல்ல கோலம். அன்னிக்கு நான்தான் போடப் போறேன். 15-8 ஊடு. மறுநாள்லேர்ந்து? அத்தைகிட்ட பேசிட்டேன். “நான் வீட்டுல இருக்கிற நாள் நான் போடுறேன் அத்தை. மத்த நாள் வீட்டுல யார் இருக்காங்களோ அவங்க.” அத்தை அப்பாவைப் பார்த்தாங்க. அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, “மூணு புள்ளி வரைக்கும் எனக்கு வரும்”ன்னார்.

ஒரு சின்ன ஹெல்ப் மக்களே. அம்மா நோட்டுல கடைசிக் கோலத்துக்கு மட்டும் புள்ளிக் கணக்கு எழுதலை. நடுவுல தாமரை, சுத்தி எட்டு சங்கு, ஓரத்துல சிக்கு. நடு வரிசைக்கு 17 வெச்சுப் பார்த்தேன், 19 வெச்சுப் பார்த்தேன். சங்கு இடிக்குது. உங்க வீட்டுல யாருக்காவது தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க. திதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு.