கொடி முதலில் பறந்தது நியூயார்க்கில்

சேலியா க்ரூஸின் அம்மா 1962இல் கியூபாவில் இறந்தார். மகளை வரவிடவில்லை காஸ்ட்ரோ அரசு. 1960இல் நாட்டை விட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான் குற்றம். அவருடைய பாட்டையும் உள்ளூர் வானொலியிலிருந்து தூக்கினார்கள். சல்சாவின் அரசி 2003இல் அமெரிக்காவில் இறந்தபோது அவரோடு ஒரு பிடி கியூப மண்ணும் அடக்கமானது. அதுகூட, குவாண்டனாமோவில் இருக்கிற அமெரிக்கத் தளத்துக்குப் பாடப் போனபோது எடுத்துவைத்த மண்.

சரி, மறுகரை மட்டும் யோக்கியமா? 1999இல் ஹவானாவின் லாஸ் வான் வான் குழு மயாமிக்குப் பாட வந்தது. கேட்கப் போனவர்கள் மேல் முட்டையும் பாட்டிலும் பறந்தன. எறிந்தவர்களும் கியூபர்கள், வாங்கிக்கொண்டவர்களும் கியூபர்கள்.

ஹவானாவுக்கு, வெளியேறியவன் 'புழு'. மயாமிக்கு, தீவோடு ஒட்டுறவு வைத்திருப்பவன் கைக்கூலி. ரெண்டு பேரும் கேட்பது ஒரே சான்றிதழைத்தான்: நீ யார் பக்கம்?

இதில் வேடிக்கை, ரெண்டு பேருக்குமே ஹொசே மார்த்தி வேண்டும். ஹவானா விமான நிலையத்துக்கு அவர் பெயர். காஸ்ட்ரோ ஆட்சிக்கு எதிராக அமெரிக்க அரசு 1985இல் தொடங்கிய வானொலிக்கும் அவர் பெயர். அந்த மார்த்தி யார்? சுமார் பதினைந்து வருஷம் நியூயார்க்கில் இருந்தவர். டாம்பாவிலும் கீ வெஸ்ட்டிலும் சுருட்டு சுற்றிய கியூபத் தொழிலாளர்களிடம் காசு திரட்டி விடுதலைப் போருக்கு ஆயத்தம் செய்தவர். கியூபக் கொடியே 1850இல் முதலில் பறந்தது நியூயார்க்கில்தான். இன்றைய அளவுகோலில் மார்த்தியும் புழுதானே?

ஃபெர்னாண்டோ ஒர்டிஸ் கியூபத்தன்மையை 'அஹியாகோ' என்றார். கிழங்கும் கறியும் கிடைத்ததும் போட்டுக் கொதிக்கவிடும் குழம்பு. பலரும் கலவையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். விஷயம் அதில்லை, அடுப்பு அணைவதே இல்லை என்பதுதான். ஹவானா 1959லும் மயாமி 1958லும் அடுப்பை அணைத்து மூடி போட்டுவிட்டன.

1980இல் மரியேல் துறைமுகம் வழியாகச் சுமார் 1,25,000 பேர் போனார்கள். 'குப்பை' என்று கூச்சலிட்டுத்தான் வழியனுப்பினார்கள். பிறகு அந்தக் 'குப்பை' அனுப்பிய டாலரில்தான் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது. 2021க்குப் பிறகு மக்கள்தொகையே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இப்போது போகிற பிள்ளைகளுக்கு 1959 தாத்தா காலத்துக் கதை. மயாமியில் உட்கார்ந்து ஹவானாவில் இருக்கும் அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் போடுகிறவன் எந்தக் கியூபாவைச் சேர்ந்தவன்? கேள்வியே அபத்தம்.

சே படம் போட்ட டி-ஷர்ட் அணியும் நண்பர்களே, அமெரிக்கப் பொருளாதாரத் தடையைத் திட்டுங்கள். திட்ட வேண்டியதுதான், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அம்மாவின் சாவுக்கு மகளை வரவிடாததற்கு அந்தத் தடை காரணமில்லை.