இரைச்சலுக்கு ஃபில்டர் மருந்தல்ல

நாகப்பட்டினம் துறைமுகத்தில் எந்த விசைப்படகில் ஏறிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "என்ஜின் ஓடினா செட்டுல இரைச்சல் வரத்தாண்ணே செய்யும்." கூடவே இன்னொன்றும் வரும்: "ஃபில்டர் ஒண்ணு வாங்கிப் போடணும்." படகு வயரிங் வேலையில் இருபது வருடம் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டுமே தவறு. என்ஜின் ஓடினாலும் பாட்டு சுத்தமாகக் கேட்கும், கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் படகின் வயரிங்கில் கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறின் வாயைப் பொத்துவதற்குத்தான் நாம் ஃபில்டர் வாங்குகிறோம்.

முதலில் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்ட அதுவும் மேலே ஏறுகிறதா? ஏறினால் அது டைனமோவின் குரல். நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது ஏசி மின்சாரம். ஆறு டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. மாற்றினாலும் அலை முழுதாகச் சமனாவதில்லை, சின்னச் சின்ன மேடு பள்ளம் மிச்சம் இருக்கும். 12 துருவம் உள்ள டைனமோ ஒரு சுற்றுக்கு 36 மேடு தரும். என்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று, புல்லி கணக்கில் டைனமோ அதைப்போல இரண்டு மடங்கு என்றால், நொடிக்கு 1800 மேடு. மனிதக் காது மிக நன்றாகப் பிடிக்கும் சுருதிகளில் அதுவும் ஒன்று. ஸ்பார்க் பிளக்கால் 'டிக் டிக்' என்று வரும் சத்தம் பெட்ரோல் அவுட்போர்டு சமாச்சாரம். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனாலும் பிளக் சத்தத்தைத் தடுக்கும் ஃபில்டரை டீசல் படகுக்காரர் தலையில் கட்டுகிறார்கள்.

சரி, டைனமோவின் மேடு பள்ளம் பாட்டுக்குள் எப்படி நுழைகிறது? கார் வயரிங் பார்க்கிறவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் ஒன்றுதான் அதற்கு வழி விடுகிறது. காரின் பாடி முழுக்க இரும்பு. நெகட்டிவை எந்த போல்ட்டில் கட்டினாலும் பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மரப்படகிலும் ஃபைபர் படகிலும் பாடி எங்கே இருக்கிறது? இரும்புப் படகாகவே இருந்தாலும் உடம்பைக் கரண்ட் திரும்பும் பாதையாக வைக்கக் கூடாது. வைத்தால் அரிப்பு பிடிக்கும். ஆனாலும் செட்டின் எர்த்தை வீல்ஹவுஸில் கைக்கு எட்டிய இடத்தில் கட்டுகிறோம். ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை என்ஜின் ரூம் போல்ட்டில் கட்டுகிறோம். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வோல்டேஜ் துளி வேறுபட்டாலும், டைனமோவின் மேடு பள்ளத்தைச் சுமந்த கரண்ட், செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிக்கம்பி வழியே ஓடும். எது பாட்டு, எது டைனமோ என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கித் தரும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். என்ஜின் ஓடட்டும். போனை ஆக்ஸ் வயரில் செட்டோடு இணைத்துப் பாட விடுங்கள். போன் தன் பேட்டரியில் பாடும்வரை பாட்டு சுத்தமாக இருக்கும். அதே போனைப் படகின் சார்ஜரில் சொருகுங்கள், 'ங்ஙீ' என்று இரைச்சல் ஏறும். செட்டு அதே, ஸ்பீக்கர் அதே, என்ஜினும் அதே. புதிதாகச் சேர்ந்தது சார்ஜர் வழியே வந்த இன்னொரு நெகட்டிவ் பாதை மட்டும்தான்.

போன வருடம் ஒரு படகில் இரண்டு ஃபில்டர் போட்டிருந்தார்கள். இரைச்சல் போகவில்லை என்று கடைக்காரர் பெரிய ஆம்ப்ளிஃபயரும் விற்றிருந்தார். அதற்குப் பிறகு இரைச்சலும் பெரிதானது. மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் தொட்டேன். பாட்டு சத்தமாக ஓடும்போது 1.9 வோல்ட் காட்டியது. அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பத்து மீட்டர் நீளத்துக்கு 1.5 ஸ்கொயர் வயர். புது வயராக இருந்தாலே பத்து ஆம்பியருக்கு அதில் 1.2 வோல்ட் போய்விடும். வயர் முனையில் இருந்த லக்கைப் பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். லக்கை வெட்டி உறையைக் கீறினேன். ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்து, நுனியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரலால் நசுக்கியதும் உதிர்ந்தது. வெள்ளீயப் பூச்சு உள்ள 10 ஸ்கொயர் வயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, செட்டு, ஆம்ப்ளிஃபயர் இரண்டின் நெகட்டிவையும் ஒரே இடத்தில் கட்டினேன். இரைச்சல் நின்றது. இரண்டு ஃபில்டரையும் கழற்றி ஓனர் கையில் கொடுத்தேன்.

பாட்டு கரகரக்கிறது, ஸ்பீக்கர் செத்துவிட்டது என்கிறார்களே, அதிலும் பாதி இதே கதைதான். செட்டின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சடித்திருக்கும். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பிசிறில்லாமல் கிடைக்கக்கூடியது கணக்குப்படியே 26 வாட், நடைமுறையில் 20 வாட் கிடைத்தால் பெரிது. வயரிலேயே இரண்டு வோல்ட் போனால் அதுவும் குறையும். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும், ட்வீட்டர் சூடேறிக் கருகும். ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெயின் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருப்புகிறவர்கள் தாங்களே ஸ்பீக்கரைக் கொல்கிறார்கள். உப்பு ஏறி உண்மையாகவே செத்த ஸ்பீக்கரும் உண்டு. கோனை விரல்களால் மெல்ல அழுத்தினால் உரசும், தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கண்டிக்காமல் விட முடியாது. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் படகில், செட்டுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று நடுவிலிருந்து வயர் எடுப்பது. ஒரு பேட்டரி தேய்ந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் கடையில் கிடைக்கும்போது இதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஃபில்டருக்கு வேலையே கிடையாது என்று சொல்லவில்லை. இன்வெர்ட்டரோ எல்இடி லைட்டோ அழுக்கைக் கிளப்பினால், அதன் வாயிலேயே ஒரு ஃபில்டர் போடலாம். செட்டின் வாயில் போட்டு நோயை மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன். டைனமோவில் ஒரு டயோடு போயிருந்தாலும் இதே இரைச்சல்தான் வரும். என்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசியில் வைத்துப் பேட்டரி முனைகளில் தொடுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் ஃபில்டர் போட்ட படகில் பாட்டு நன்றாகத்தான் கேட்கும். பல நாள் தங்கல் போன இடத்தில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பேட்டரி இறங்கிவிடும். செட்டோடு சேர்ந்து ஜிபிஎஸ்ஸும் விஎச்எஃப்பும் ஊமையாகும். ஆபத்துக்கு அழைக்கும் 16-ஆம் சேனலில் கூப்பிட ஆள் இருந்தும் கருவி இருக்காது. களிம்பு பிடித்த ஜாயின்ட் சூடேறினால் மரத்திலும் ஃபைபரிலும் தீயே பிடிக்கும். எனக்குக் கோபம் வருவது இதற்காகத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும். பெயிண்ட் அடிக்கிறோம், என்ஜின் இறக்குகிறோம், வலை முடிகிறோம். இந்த முறை பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்னால் பேட்டரியின் கறுப்பு வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அது எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை பாருங்கள். களிம்பு கண்ட இடத்தை வெட்டி எறியுங்கள். ஃபில்டருக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல வயர் வாங்குங்கள்.