கரை யாருக்கு?

தோழா!

ஆற்றங்கரையிலே உலாவிவிட்டு வந்தேன் என்று தொடங்கினால், அரசியல் ஏட்டின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலே இதென்ன உல்லாசப் பேச்சு என்று நீ புருவத்தை நெரிப்பாய். நெரித்துக்கொள், ஆனால் பக்கத்தைப் புரட்டிவிடாதே. அரசியல் என்பது சட்டமன்றத்துக்குள் மட்டுமா அடைந்து கிடக்கிறது? ஒரு நகரம் தன் ஆற்றை எப்படி வைத்திருக்கிறது, அதன் கரையிலே யாரை உட்கார விடுகிறது, யாரை எழுப்பித் துரத்துகிறது என்பதைக் காட்டிலும் பச்சையான அரசியல் வேறு உண்டோ?

நாடகம் போடுவதற்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். சனிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்தது, தொண்டை கட்டிக்கொண்டது. பேச முடியாத பேச்சாளனுக்கு ஊரிலே என்ன வேலை? ஞாயிறு காலை தனியாகக் கிளம்பி, பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்குப் போனேன். காலாங் ஆறு அதன் ஊடே ஓடுகிறது. ஆறு என்றதும் காவிரியைக் கற்பனை செய்துவிடாதே! முழு நீளமும் சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தீவிலே அதுவே நீளமான ஆறு!

எத்துணை அமைதி என்கிறாய்! நகரின் நடுவே நிற்கிறோம். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். ஆயினும் காதிலே விழுவது கல்லின்மீது தண்ணீர் தவழும் ஓசையும், பின்னாலே வரும் மிதிவண்டியின் மணியோசையும்தான். முதியவள் ஒருத்தி கைவீசி நடக்கிறாள். சிறுவன் ஒருவன் சைக்கிளிலிருந்து விழுகிறான், அழாமல் எழுகிறான், மீண்டும் ஏறுகிறான். வேலியில்லை, மதிலில்லை, புல்சரிவிலே இறங்கி நீரைத் தொடலாம். நீர்நாய்க் குடும்பங்கள்கூட அந்தப் பூங்காவுக்கு வந்து தங்கியதுண்டாம். நான் போன அன்று அவை காட்சி தரவில்லை. என் நாடகத்துக்கு வராத ரசிகர்களைப்போல அவையும் எங்கோ போய்விட்டன போலும்!

இப்படியே இயற்கை வார்த்தெடுத்த ஆறு இது என்று எண்ணினால் ஏமாந்து போவாய். 2009-ஆம் ஆண்டுவரை இங்கே இருந்தது நேர்க்கோடாய் ஓடிய சிமெண்டுக் கால்வாய். நீளம் 2.7 கிலோமீட்டர். மழை கொட்டினால் நீரை விரைந்து கடலுக்குத் தள்ளுவது ஒன்றே அதன் வேலை. அந்தக் காரைச் சுவரை உடைத்தார்கள். ஆற்றை வளைந்து நெளிந்து, சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓட விட்டார்கள். கல்லையும் செடியின் வேரையும் கொண்டே கரையைக் கட்டினார்கள். உடைத்த காரைப் பாளங்களைக் கொண்டே பூங்காவில் ஒரு குன்றையும் எழுப்பினார்கள். 2012-இல் திறந்தார்கள். சிறைச்சுவரை இடித்து, விடுதலையானவன் ஏறி நின்று பார்க்க மேடு அமைத்த கதை!

வெள்ளம் வந்தால்? வரத்தான் செய்யும். பெருமழையிலே ஆறு ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. அபாயச் சங்கு ஒலிக்கிறது. மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். வடிந்ததும் மீண்டும் இறங்கி வந்து நடக்கிறார்கள். பெருகுகிற நாளிலே ஆற்றுக்கு வேண்டிய இடத்தை ஆற்றுக்கே விட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையிலே வீட்டு மாடியில் நின்று தவித்தவர்களைக் கேட்டுப்பார், இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்னவென்று சொல்வார்கள்.

ஆனால் தோழா, நான் சொல்ல வந்தது இந்தப் பூங்காவுக்கு முன்னே நடந்தது. ஒரு காலத்திலே காலாங் வடிநிலம் பன்றிப் பண்ணைகளின் கழிவும் குடிசைகளின் சாக்கடையும் கலந்து நாறிக் கிடந்தது. 1977-இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்தே ஆண்டுகளிலே காலாங்கும் சிங்கப்பூர் ஆறும் தூய்மையாக வேண்டும் என்றார். 1987-இல் வேலை முடிந்தது. சாக்கடைக்குக் குழாய் பதித்தார்கள். தெருவோர வணிகர்களுக்கு அங்காடிக் கூடம் கட்டினார்கள். சுமார் 26,000 குடும்பங்களைக் கரையிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்து அடுக்குமாடி வீடுகளிலே குடியேற்றினார்கள். அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் கழித்துத்தான் நான் நடந்த இந்தப் புல்வெளிக் கரை! முதலில் சாக்கடை, அடுத்து வீடு, கடைசியில் நடைபாதை. வரிசையைக் கவனித்தாயா?

சிங்கப்பூரைத் தலையிலே தூக்கிவைத்துக் கூத்தாடச் சொல்லவில்லை நான். பண்ணை போனவன் பிழைப்பும் போயிற்று. மாடி வீட்டிலே பன்றி வளர்க்க முடியுமோ? அதற்கும் முன்னே, 1819-இல் ஆங்கிலேயர் கால் வைத்தபோது, காலாங் முகத்துவாரத்திலே படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த பிதுவாண்டா காலாங் என்னும் மக்கள் இருந்தார்கள். ஜொகூரின் பூலாய் ஆற்றுப் பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அம்மை நோய் அவர்களிலே பெரும்பாலோரை விழுங்கிற்று. ஆற்றின் பெயர் நிலைத்தது, அந்தப் பெயருக்குரிய மக்கள் நிலைக்கவில்லை. பக்கத்துச் சிங்கப்பூர் ஆற்றிலே ஆரம்ப நாட்களில் சரக்குப் படகு தள்ளியவர்களில் பலர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள். இன்று அங்கே ஒரு தெருவின் பெயர்ப்பலகை மட்டும் அவர்களை நினைத்துக்கொண்டு நிற்கிறது.

இதையெல்லாம் எண்ணியபடி உட்கார்ந்திருந்தேன். பழைய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார்.

"நம்ம ஊருங்களா அண்ணே?" என்றார்.

அறந்தாங்கிப் பக்கமாம், கட்டட வேலையாம். வாரத்திலே அவருக்கு ஓய்வு இந்த ஒருநாள்தான்.

"இங்க அடிக்கடி வருவீங்களா தம்பி?"

"மாசத்துல ஒருநாள் வருவேண்ணே. ஏன் உக்காந்திருக்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போன் பேசலாம்."

பத்து நிமிடம் பேசியிருந்தார். பிறகு அவருடைய அம்மா அழைத்தார். அவர் ஆற்றைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நடக்க நடக்க, எனக்குச் சிந்தாதிரிப்பேட்டை நினைவு வந்தது. பாதியிலே விட்டுவிட்டு வந்த கல்லூரிப் படிப்பின் நாட்களிலே, கூவக்கரைக் குடிசை வாசலிலே இட்லி சுட்டு விற்ற ஆயா ஒருவர் எனக்குக் கடன் கொடுத்துச் சோறு போட்டவர். மூக்கைப் பொத்திக்கொண்டு போய், வயிறு நிறைந்து திரும்புவேன். கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று வந்தார்கள். அவருடைய குடிசையும் போயிற்று. நகரின் தென்கோடியிலே, அடுக்குமாடியிலே ஓர் அறை கிடைத்தது. இட்லிக்கு அங்கே ஆளில்லை. பழைய வாடிக்கை வீடுகளிலே பாத்திரம் துலக்க, விடியுமுன் பேருந்து பிடித்து வருகிறார். "வூடு நல்லாத்தான் இருக்கு நைனா, ஊர்தான் இல்ல" என்றார் ஒருநாள்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி வாழும் இடங்கள் இவை. அவர்களை அனுப்பிய பின்னும் கூவத்திலே சாக்கடை நின்றதா? நிற்கவில்லை! குடிசை மட்டுமா கழிவை விட்டது? மாடமாளிகையின் குழாய் எங்கே போய்த் திறக்கிறது? 1973-இல் அதே கூவத்திலே உல்லாசப் படகு விட்டுப் பார்த்தோம். நம்மவர் ஆட்சியாயினும் சொல்லத்தான் வேண்டும், அந்தப் படகு நிலைக்கவில்லை. படகுத்துறையைக் கட்டுவது எளிது, தண்ணீரைக் கட்டி எழுப்புவது அரிது.

கரையோரப் பாதை வேண்டாம் என்று சொல்பவனல்ல நான். வேண்டும், கட்டாயம் வேண்டும்! அறந்தாங்கித் தம்பிக்கு அயலூரிலே கிடைத்த அந்தப் பத்து நிமிடம், நம் ஊர்க் கூலிக்காரனுக்கு நம் ஊரிலே கிடைக்கவேண்டாமா? ஆகவேதான், உன் வட்டத்திலே யாரேனும் பச்சை வண்ணம் தீட்டிய வரைபடத்தை விரித்து, இதோ நடைபாதை, இதோ மிதிவண்டிப் பாதை என்று காட்டும்போது, கைதட்டுவதற்கு முன்னே கேள்: இந்த நீரிலே விழும் குழாய்கள் எத்தனை, அவற்றிலே அடைத்தவை எத்தனை? இங்கே இருந்த குடும்பங்கள் எங்கே போயின, நடக்கும் தொலைவிலே அவர்களுக்கு ஏன் வீடு இல்லை? பதிலை எழுதி வாங்கிக்கொள். அடுத்த வட்டக் கூட்டத்திலே அதைப் படித்துக்காட்டு. பெரும்பாக்கத்திலிருந்து வர விரும்புவோருக்குப் பேருந்துக் கட்டணத்தை நம் கிளையே கொடுக்கட்டும். ஆயாவை நான் அழைத்து வருகிறேன்.