புதுச் செருப்பு கடித்தால் கழற்றிவிடலாம்... பனிமலையில் பூட் கடித்தால்?

பொருளும் பொருத்தமும் - வாராந்தரத் தொடர்

கல்யாண வீட்டுக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போய், பந்தி முடிவதற்குள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பிய அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. செருப்பு கடித்தால் என்ன ஆகும்? ஒரு கொப்புளம், இரண்டு நாள் பேண்டேஜ். அவ்வளவுதான்.

ஆனால், சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில், நள்ளிரவில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பனியில் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே பூட்டைக் கழற்ற முடியாது. கழற்றினால் விரல்கள் உறைந்துபோகும். கழற்றாவிட்டால் குதிகால் தோல் உரிந்துபோகும்.

'பத்ரூய் தே கிளாசியே' என்பது சுவிஸ் ராணுவம் நடத்தும் புகழ்பெற்ற பனிமலைப் பந்தயம். 1943-ல் தொடங்கியது. 1949-ல் ஓர் அணியின் மூன்று பேரும் பனிப் பிளவுக்குள் விழுந்து இறந்ததால் நிறுத்தப்பட்டு, 1984-ல் மீண்டும் உயிர்பெற்றது. ஸெர்மாட் நகரிலிருந்து வெர்பியே வரை 57.5 கிலோமீட்டர். வழியில் ஏற வேண்டிய மொத்த உயரம் 4,000 மீட்டருக்கும் மேல்.

இந்தப் பந்தயத்தில் தனி ஆளுக்கு இடமில்லை. மூன்று பேர் கொண்ட அணியாகத்தான் ஓட வேண்டும். பனிப் பிளவுகள் உள்ள பகுதியில் மூவரும் ஒரே கயிற்றில் இணைந்திருப்பார்கள். ஆக, ஒருவர் காலில் பூட் கடித்தால் நிற்பது ஒருவர் அல்ல, மூவரும்தான். மாதக்கணக்கில் எடுத்த பயிற்சியை ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள கொப்புளம் வீணாக்கிவிடும்.

அதனால்தான் இந்த விளையாட்டில் இருப்பவர்கள் ஸ்கீ பலகையைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு யோசிப்பார்களோ, அதைவிட அதிகமாகப் பூட்டைக் காலுக்குப் பொருத்த யோசிக்கிறார்கள்.

ஒரே பூட்... இரண்டு வேலை!

காஷ்மீரின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகள் பனிச்சறுக்கு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோண்டோலாவில் மேலே போவார்கள், சறுக்கிக்கொண்டு கீழே வருவார்கள். 'ஸ்கீ டூரிங்' அப்படி அல்ல. இதில் கோண்டோலா கிடையாது. சொந்தக் காலால் மலையேற வேண்டும், பிறகு அதே ஸ்கீயில் சறுக்கி இறங்க வேண்டும். இதன் பந்தய வடிவமான ஸ்கீ மலையேற்றம், 2026 மிலானோ கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

ஏறும்போது ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டுவார்கள். அதன் ரோமங்கள் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால், ஸ்கீ முன்னால் வழுக்கும், பின்னால் நழுவாது. பூட்டின் முன்முனை மட்டும் ஸ்கீயோடு இணைந்திருக்கும். குதிகால் ஒவ்வோர் எட்டுக்கும் மேலே எழும்பும். 1980-களில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் வடிவமைத்த 'பின் பைண்டிங்' இதற்கு வழிசெய்தது. பூட்டின் முனையில் இரண்டு பக்கமும் உள்ள சிறு உலோகக் குழிகளில் இரண்டு ஊசிகள் வந்து பொருந்திக்கொள்ளும்.

உச்சிக்குப் போனதும் ஸ்கின்னை உரித்து, குதிகாலைப் பூட்டி, பூட்டின் பின்னால் உள்ள நெம்புகோலைத் தட்டினால் கணுக்கால் பகுதி இறுகிவிடும். அதன் பிறகு அது இறங்குவதற்கான பூட்.

சிக்கலே இங்கேதான். ஏறும்போது பூட் லேசாகவும் தாராளமாகவும் இருக்க வேண்டும். இறங்கும்போது அதே பூட் காலை இம்மிகூட அசையவிடாமல் பிடிக்க வேண்டும். நடக்க வசதியான பூட் இறங்கும்போது தள்ளாடும். இறங்க வசதியான பூட் ஏறும்போது காலைக் கொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துவைப்பவர்தான் 'பூட் ஃபிட்டர்'.

கடையில் சொகுசு... மலையில் அவஸ்தை!

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, பெரிய சைஸ் வாங்குவது. கடையில் போட்டுப் பார்க்கும்போது விரல் முன்னால் இடிக்கும். உடனே, "ஒரு சைஸ் பெருசா கொடுங்க" என்பார்கள். அது சொகுசாகவும் இருக்கும். ஆனால், நிமிர்ந்து நிற்கும்போதுதான் விரல் இடிக்கும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் பின்னால் போய் உட்காரும், விரல்களுக்கு இடம் கிடைக்கும். அதோடு, உள்ளே இருக்கும் மெத்தை போன்ற லைனர் பழகப் பழக அமுங்கிவிடும். இன்று சரியாக இருக்கும் பெரிய பூட், சில வாரங்களில் காலுக்குள் லொடலொட என்று ஆடும்.

இந்த பூட்டுகளின் அளவு 'மோண்டோபாயின்ட்' முறையில் இருக்கும். கால் 26.5 சென்டிமீட்டர் நீளம் என்றால் சைஸும் 26.5. பெரும்பாலான நிறுவனங்களில் 26-க்கும் 26.5-க்கும் வெளி ஓடு, அதாவது ஷெல், ஒன்றேதான். உள்ளே இருப்பதுதான் மாறும். எனவே அரை சைஸ் கூட்டினால் பூட் நீளமாகும் என்று நினைப்பது பல நேரம் ஏமாற்றத்தில் முடியும்.

அனுபவமுள்ள ஃபிட்டர் முதலில் லைனரை வெளியே உருவிவிடுவார். வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்படி நிற்கச் சொல்வார். குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பார். ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் கச்சிதம். நாள் முழுக்க நடக்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். இரண்டு விரலைத் தாராளமாக நுழைக்க முடிந்தால், அந்த பூட் பெரியது.

அடியிலிருந்து தொடங்கு!

சைஸ் சரியானதும் அடுத்த வேலை உள்ளங்காலுக்கு. நின்றால் உள்ளங்கால் வளைவு தட்டையாகி, பாதம் சற்று நீளும், அகலும். உட்கார்ந்து அளந்த காலும் நின்று அளந்த காலும் ஒன்றல்ல. வளைவைத் தாங்கிப் பிடிக்கும் நல்ல இன்சோல் ஒன்றை வைத்தாலே, "முன்னால் இடிக்குது, பக்கத்துல அமுக்குது" என்ற புகார்களில் பாதி குறைந்துவிடும்.

பிறகு லைனர். இது சூடேற்றினால் இளகும் நுரைப்பொருளால் ஆனது. அடுப்பில் வைத்தோ, சூடான காற்றை உள்ளே செலுத்தியோ சில நிமிடங்கள் சூடேற்றுவார்கள். விரல்களின் மேல் ஒரு மெத்தைத் தொப்பியை மாட்டி, மெல்லிய சாக்ஸ் போட்டு, காலை உள்ளே விட்டு பக்கிள்களை மூடுவார்கள். ஆறும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஆறியதும் தொப்பியை எடுத்துவிட்டால், விரல்கள் அசைய அந்த அளவு இடம் மிஞ்சும். லைனர் காலின் அச்சாக மாறியிருக்கும். இன்சோலை வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். வரிசை மாறினால் அச்சும் மாறிப்போகும்.

லிப்ஸ்டிக்குக்கு இங்கே என்ன வேலை?

லைனரை வார்த்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் குத்துகிறது என்றால், பிரச்னை ஷெல்லில் இருக்கிறது. சுண்டுவிரலின் அடிக்கணு, உள்பக்கக் கணுக்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு, குதிகாலின் பின்மேடு... பெரும்பாலும் குற்றவாளிகள் இவைதான்.

சரியாக எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வலிக்கும் எலும்பின் மேல் லிப்ஸ்டிக்கைத் தடவி, லைனர் இல்லாத ஷெல்லுக்குள் காலை விட்டு எடுப்பார்கள். சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் வேலை. அந்த இடத்தை ஹீட் கன் மூலம் சூடேற்றி, உள்ளேயிருந்து ஓர் அழுத்தியால் வெளியே தள்ளி, ஆறவைப்பார்கள். இதற்கு 'பஞ்ச்' என்று பெயர். சில மில்லிமீட்டர் போதும். எட்டு மணி நேர வலி அதோடு தீர்ந்துவிடும்.

ஆனால், இது யூடியூப் பார்த்து வீட்டில் செய்யும் வேலை அல்ல. டூரிங் பூட்டின் ஷெல் மெல்லியது. சூடு கொஞ்சம் கூடினாலும் பிளாஸ்டிக் சுருங்கும், உருகும். கார்பன் ஃபைபரால் ஆன ஷெல்லைச் சூடேற்றி நீட்டவே முடியாது. அதை வாங்கும்போதே கால் அதில் பொருந்திவிட வேண்டும்.

எடை குறைப்பவர்கள் கவனத்துக்கு...

காலில் ஏறும் எடை, முதுகில் சுமக்கும் எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பது மலையேறுபவர்களின் அனுபவப் பாடம். சாதாரணப் பனிச்சறுக்கு பூட் ஒன்று சுமார் இரண்டு கிலோ இருக்கும். டூரிங் பூட் ஒன்று முதல் ஒன்றரை கிலோ. பந்தய பூட்டோ ஒரு கிலோவுக்கும் கீழே. ஓர் ஏற்றத்தில் ஆயிரக்கணக்கான முறை தூக்கி வைக்க வேண்டிய பாரம் அது.

அதனால் சிலர் கிராம் கிராமாகக் குறைக்கத் தொடங்குவார்கள். கெண்டைக்காலைச் சுற்றும் கனமான பட்டையை மாற்றி மெல்லியதைப் போடுவார்கள். கழற்றக்கூடிய பின் பட்டையை எடுத்துவிடுவார்கள். கணுக்கால் மடங்கும் இடத்தில் லைனர் மடிந்து உறுத்தினால், அதை லேசாகச் செதுக்குவார்கள். கணுக்கால் எவ்வளவு தாராளமாக முன்னும் பின்னும் போகிறதோ, எட்டு அவ்வளவு நீளும், களைப்பு அவ்வளவு குறையும். ஒலிம்பிக்கின் ஸ்பிரின்ட் போட்டி ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஏறி, ஸ்கின்னைக் கிழித்தெடுத்து, பூட்டை இறுக்கி, இறங்க வேண்டும். ஒரே தட்டில் பூட்டும் பக்கிளும் இறுகும் நெம்புகோல் அங்கே பதக்கத்தையே தீர்மானிக்கலாம்.

ஆனால், கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. பைண்டிங் ஊசிகள் பொருந்தும் உலோகக் குழிகளைத் தொடவே கூடாது. அவற்றை ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சூடேற்றவும் கூடாது, துளையிடவும் கூடாது. டூரிங் பூட்டின் அடிப்பாகத்துக்கு ஐ.எஸ்.ஓ 9523 என்ற சர்வதேசத் தர அளவு இருக்கிறது. விழும்போது ஸ்கீ சரியான நேரத்தில் கழன்றால் முழங்கால் தப்பும். கழலக் கூடாத நேரத்தில், செங்குத்துச் சரிவில் கழன்றால் உயிரே போகலாம். பத்து கிராம் குறைப்பதற்காக அந்த நம்பிக்கையைச் செதுக்கிவிடக் கூடாது. அந்தக் குழிகளில் பனி உறைந்து அடைத்துக்கொண்டாலும் இதே ஆபத்துதான். அதனால் மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள்.

குளிருக்குக் காரணம் சாக்ஸ் அல்ல!

"கால் விறைக்குது, இன்னொரு சாக்ஸ் போட்டுக்கறேன்" என்பது இன்னொரு தவறு. இரண்டு சாக்ஸ் போட்டால் பூட் இறுகும். பாதத்தின் மேல்பக்கம் ஓடும் ரத்தக்குழாய் அழுந்தும். விரலுக்குச் சூட்டைக் கொண்டுபோவது ரத்தம்தான். அது போகாவிட்டால் எத்தனை கம்பளி சுற்றினாலும் விரல் விறைக்கும், உறைபனிக் காயத்துக்கு வழி திறக்கும். மெல்லிய சாக்ஸ் ஒன்று, மேல்பாதத்தில் அழுத்தாத பக்கிள்... இதுதான் அங்கே கதகதப்பு.

ஏறும்போது மேல் பக்கிள்களைத் தளர்த்திவிட்டு, மேல்பாதத்தின் பக்கிளை மட்டும் குதிகால் எழும்பாத அளவுக்கு மிதமாக மூடுவார்கள். குதிகால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கினாலும் போதும். ஆயிரம் எட்டில் தோல் சூடாகும், அடுத்த ஆயிரத்தில் கொப்புளம் எழும். சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டுபவர் ஊர்போய்ச் சேருவார். "அடுத்த திருப்பத்துல பார்த்துக்கலாம்" என்பவரால் அணியே திரும்ப நேரிடும். கூட இருப்பவர்களை நிறுத்தச் சொல்ல வெட்கப்படுவதுதான் அங்கே பல கொப்புளங்களுக்குக் காரணம். வெட்கப்பட்டு மறைத்தால் கடைசியில் மூவருக்கும் அதே கதி.

செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிக்கிறதா என்று கேட்கும் பழமொழி தமிழில் உண்டு. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒரு ஃபிட்டரின் மேஜையில் நடப்பது அந்தப் பழமொழிக்கான பதில்தான். அங்கே வெட்டுவதும் நீட்டுவதும் பூட்டைத்தான், அதுவும் வரிசையாக. முதலில் சைஸ், பிறகு இன்சோல், அடுத்து லைனர், கடைசியில்தான் ஷெல். திரும்பச் சரிசெய்ய முடிந்ததை முதலிலும், முடியாததைக் கடைசியிலும் செய்கிறார்கள்.

இந்த வாரப் பொருத்தம்

பனிமலைக்குப் போகாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஷூ வாங்கும்போது நின்றபடி, இரண்டு காலையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. பெரிய காலுக்கு வாங்குங்கள். அன்றாடம் போடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நாளின் முடிவில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலை நேரம் நல்லது. வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால், "கடிக்கவே இல்லையே" என்று அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கால் மரத்திருந்தால் கடிப்பது அவர்களுக்குத் தெரியாது. இரவில் ஒருமுறை அவர்கள் பாதத்தை நீங்களே பாருங்கள்.