இரும்பா, நிக்கலா?

அணுக்கருக்களிலேயே மிக இறுக்கமாகப் பிணைந்தது எது என்று கேட்டால், அறிவியல் படித்த யாரும் யோசிக்காமல் 'இரும்பு' என்பார்கள். நாம் படித்ததும் அதுதான். இன்றைய கைடுகளில் இருப்பதும் அதுதான். சரியான விடை நிக்கல்-62. இதைத் திருத்த வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். ஒரு அணுக்கருவைத் தனித்தனிப் புரோட்டான், நியூட்ரான்களாகப் பிரிக்க ஆகும் ஆற்றல்தான் பிணைப்பாற்றல். துகள்களின் எண்ணிக்கையால் அதை வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும். இரும்பு-56க்கு 8.7903 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். நிக்கல்-62க்கு 8.7945. நடுவில் இரும்பு-58 வேறு 8.7922 என்று நிற்கிறது. ஆக, நம் இரும்பு-56க்கு மூன்றாம் இடம்தான்.

பிறகு ஏன் இந்தப் பெயர்? தலைக்கு எடை மிகக் குறைவு என்று பார்த்தால் இரும்பு-56தான் முதல். நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்று கனம்; நிக்கல்-62இல் நியூட்ரானின் பங்கு கூடுதல். எடையும் பிணைப்பும் ஒன்றென்று நினைத்ததால் வந்த குழப்பம். போதாக்குறைக்கு, வெடிக்கும் விண்மீன்களில் உருவாகும் நிக்கல்-56 சிதைந்து கோபால்ட்டாகி, அதுவும் சிதைந்து இரும்பு-56 ஆகிறது. அண்டத்தில் இரும்பு மலிந்து கிடப்பதைப் பார்த்து, அதற்கே கிரீடம் சூட்டிவிட்டோம்.

"இத்துனூண்டு வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்பீர்கள். எனக்குச் சுவையே அந்த இத்துனூண்டில்தான். 1935இல் ஜெர்மானியர் வைஸ்ஸாக்கர், அணுக்கருவை ஒரு நீர்த்துளியாகப் பாவித்து ஒரு சூத்திரம் தந்தார். விளிம்பில் இருக்கும் துகளுக்கு அண்டை வீட்டார் குறைவு, அதனால் பிணைப்பு குறையும். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும், இன்னும் குறையும். இப்படி ஐந்தே உறுப்புகள். அதை வைத்து நூற்றுக்கணக்கான அணுக்கருக்களின் பிணைப்பாற்றலைப் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் சொல்லிவிடலாம். என்ன மூளை!

ஆனால் சூத்திரம் சாதாரணமாக இரண்டு மூன்று மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பிசகும். தலைக்குப் பார்த்தால் அதுவே இரும்புக்கும் நிக்கலுக்கும் உள்ள இடைவெளியைப் போலப் பத்து மடங்கு. 28, 50, 82 போன்ற 'மாய எண்கள்' வருமிடத்தில் பிசகு இன்னும் கூடும். அதற்கு விளக்கம் 1949இல் மரியா மேயரும் யென்சனும் தந்த கூடு மாதிரியில்தான் கிடைத்தது. ஆகவே முதலிடம் யாருக்கு என்பதை நீர்த்துளி தீர்மானிக்க முடியாது. துல்லியமாக நிறுத்துப் பார்த்த எடைகள்தான் தீர்மானித்தன.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "நிக்கல்னு எழுதினா மார்க் போயிடும் தாத்தா" என்றாள். அவள் பயம் நியாயம். அளந்து கண்ட விடையை எழுதுகிற பிள்ளை மார்க்கை இழப்பது நியாயமில்லை. பாடப்புத்தக வரைபடத்தின் உச்சியில் 'இரும்பு' என்றிருக்கும் அம்புக்குறியை 'நிக்கல்-62' என்று மாற்றுங்கள். கீழே ஒரு வரி விளக்கம் போதும். அதுவரை, விடைத்தாள் திருத்துகிறவர்கள் நிக்கலுக்கும் மார்க் போடட்டும்.