மாபிள் மோகமும் சீமெந்து நிலமும்

வடக்கிலும் கிழக்கிலும் வீடு கட்டிக்கொண்டிருக்கும் எந்தக் குடும்பத்தோடு பேசினாலும் ஒரு கட்டத்தில் உரையாடல் நிலத்துக்கு வந்துவிடுகின்றது. நான் சொல்வது காணியை அல்ல, காலடியிலுள்ள தரையை. அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிந்து, கையிருப்பும் முடிந்து, கடன் தந்தவர்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வரத் தொடங்கும் வேளையில்தான் 'மாபிள் போடுவதா, சீமெந்தோடு விடுவதா' என்ற கேள்வி எழுகின்றது. பெரும்பாலான குடும்பங்கள் மாபிள் என்றே முடிவெடுக்கின்றன. அந்த வீட்டில் வாழப்போகிறவர்களைக் காட்டிலும், குடிபூரலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை மனதில் வைத்தே அந்த முடிவு பல வேளைகளில் எடுக்கப்படுகின்றது என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம்மவர் மாபிள் என்று அழைப்பது சலவைக்கல் அல்ல. களிமண் கலவையை அழுத்தி, சூளையில் சுட்டு, பெரும்பாலும் மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றிய ரைல்ஸையே நாம் அப்படிச் சொல்கின்றோம். உண்மையான சலவைக்கல் பதித்த வீடுகள் எங்கள் ஊர்களில் மிகச் சிலவே. பெயரிலேயே ஒரு கௌரவ ஆசை ஒட்டிக்கொண்டிருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

எங்கள் முன்னோர் சாணி மெழுகிய மண் நிலத்தில் வாழ்ந்தவர்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் வந்த தசாப்தங்களில், யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் சீமெந்து நிலம் வழமையாயிற்று. வசதி சற்றுக் கூடியவர்கள் விறாந்தைக்கும் ஹோலுக்கும் சிவப்புக் காவி கலந்து போட்டார்கள். மெழுகு தடவி, பாதியாக வெட்டிய பொச்சுமட்டையைக் காலால் மிதித்து முன்னும் பின்னும் இழுத்து அந்த நிலத்தை மினுக்கிய கைகளும் கால்களும் பெரும்பாலும் பெண்களுடையவையும் பிள்ளைகளுடையவையுமே. அந்த உழைப்பை மறந்து பழைய நிலத்தின் அழகை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

தொழிற்சாலை 1990இல் போரினால் மூடப்பட்டது. அதன் பின் வந்த பொருளாதாரத் தடையின் காலத்தில் சீமெந்து, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. ஒரு பை சீமெந்துக்கு மக்கள் அலைந்த காலம் அது. அதே 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், போர் முடிந்து காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்றார்கள். சில வளவுகளில் கட்டடமே இருக்கவில்லை. வேறு சிலவற்றில் கூரையுமில்லை, கதவுமில்லை, நிலையுமில்லை. பற்றையை வெட்டி மண்ணை ஒதுக்கியபோது சிவப்பு நிலம் மட்டும் வெளிப்பட்ட வளவுகளில் நானும் நின்றிருக்கின்றேன். வேர் பிளந்த இடங்களைத் தவிர மற்ற இடமெல்லாம் அந்த நிலம் இருபது வருடங்களுக்கு மேல் மழையையும் வெயிலையும் தாங்கிக் கிடந்தது. சீமெந்து நிலம் 'காணாது' என்று சொல்பவர்களுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

போருக்குப் பின்னரான வீடமைப்பிலும் இந்தக் கேள்வி வேறொரு வடிவில் வந்தது. இந்திய அரசின் உதவியுடன் வடக்கு, கிழக்கில் 2012இல் விரிவுபெற்ற வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அந்தத் தொகை ஏறத்தாழ 550 சதுர அடி கொண்ட அடிப்படை வீட்டுக்கானது, அலங்காரத்துக்கானதல்ல. ஆனால் நகையை அடைவு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வீட்டைப் பெருப்பித்த குடும்பங்கள் ஏராளம். கடனின் ஒரு பகுதி உள்ளே ஹோலில் பளபளத்துக் கிடக்க, கிணற்றுக்குக் கட்டுமில்லை, மலசலகூடத்துக்குக் கதவுமில்லை என்ற நிலையை நேரில் பார்த்தவர்கள் பலர். அந்தக் குடும்பங்களை நான் குறைசொல்ல மாட்டேன். அகதி முகாமின் புழுதியில் பிள்ளைகளைப் படுக்கவைத்த ஒரு தாய், துடைத்தால் சுத்தமாகும் ஒரு தரைக்கு ஆசைப்பட்டதில் என்ன தவறு? எனது ஆதங்கம் எல்லாம், அவருக்கு மலிவான வழியில் அதே சுத்தத்தைத் தரக்கூடிய வேலை இருக்கின்றது என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான்.

தரையின் ஆயுள் அதன் மேற்பரப்பில் இல்லை, அடியில் இருக்கின்றது. நாற்பது வருடங்களாக இத்தொழிலில் இருக்கும் வடமராட்சி மேசன் ஒருவர் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "ஐயா, மாபிள் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. கீழ மண்ணை ஒழுங்கா இடியாமல் விட்டா, தங்கத்தைப் பதிச்சாலும் வெடிக்கும்" என்றார். அத்திவாரத்துக்குள் நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மேலே கொங்கிறீற் போடுவதே எங்கள் பகுதிகளில் பரவலாக நடக்கும் தவறு. அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கிய பின்னரே அடுத்ததைப் போடவேண்டும். ஒரு மாரி கழிந்ததும் அறையின் நடுவில் தரை தாழ்வதும், சுவரோரம் நீளமாக வெடிப்பதும் இந்த வேலையைத் தவிர்த்த வீடுகளில்தான்.

இறுக்கிய மண்ணின் மேல் தடித்த பொலித்தீன் விரிப்பதற்குப் பலர் காசு செலவழிப்பதில்லை. கரையோரக் கிராமங்களிலும் தீவுப் பகுதியிலும் இதைத் தவறவிடக்கூடாது. நிலத்தடி ஈரம் மேலே ஏறும்போது உப்பையும் கொண்டுவருகின்றது. தரையில் வெள்ளைப் பொடி பூப்பதும், சாயம் உரிவதும், ரைல்ஸ் பதித்த வீட்டில் அதன் இடைவெளிகள் கறுத்துப்போவதும் இதனால்தான். கடற்கரை மணலைக் கழுவாமல் கலவைக்குப் பயன்படுத்தினால் அதே உப்பை நாமே காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருகின்றோம். பொலித்தீனின் மேல் மூன்று அங்குலக் கொங்கிறீற். இதுவரைக்கும் உள்ள செலவு, மேலே எதைப் போட்டாலும் ஒன்றுதான். இதில் மிச்சம் பிடித்து மேலே செலவழிப்பது, அத்திவாரக் காசில் கூரைக்கு முகப்பு வைப்பதற்கு ஒப்பானது.

இனி, கையில் காசு மட்டாக உள்ள குடும்பத்துக்கு எனது தெரிவு சீமெந்து நிலமே. ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் சீமெந்தும் அரித்த மணலும் கலந்து முக்கால் அங்குலத் தடிப்பில் பூசி, ஈரம் காயுமுன் மேலே சீமெந்தைத் தூவி, உருக்குத் தகட்டால் அழுத்தித் தேய்த்து எடுத்தால் அது கண்ணாடி போல வரும். சாம்பல் நிறம் பிடிக்காவிட்டால் காவி கலக்கலாம். பெரிய ஹோலை ஒரே பரப்பாகப் பூசாமல் எட்டு, பத்து அடிச் சதுரங்களாகப் பிரித்துப் பூசவேண்டும். சீமெந்து காயும்போது சுருங்குவது இயற்கை, அந்தச் சுருக்கத்துக்கு நாமே கோடு போட்டுக்கொடுத்தால் அது தன்னிச்சையாக வெடிக்காது. பின்னர் குறைந்தது ஏழு நாட்கள் நனைத்து வைத்திருக்கவேண்டும். சாக்கை விரித்துத் தண்ணீர் விடலாம், அல்லது ஓரத்தில் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கலாம். இந்த ஏழு நாள் பொறுமைக்குக் காசு எதுவும் இல்லை. ஆயினும் அதைத்தான் முதலில் கைவிடுகின்றோம். சித்திரை வெயிலில் காலையில் பூசிவிட்டு மாலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், அந்த நிலம் ஒரு வருடத்தில் தூசு கக்கும். பழி சீமெந்தின் மீது விழும்.

உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தமது கட்டடங்களில் மெருகிட்ட சீமெந்துத் தரையைத் தாராளமாகக் கையாண்டவர். கொழும்பில் வசதி படைத்தவர்கள் இன்று அதே வேலைக்கு 'கட் சீமெந்து' என்று பெயரிட்டு, கேட்டு வாங்கிப் போடுகின்றார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஏழ்மையின் அடையாளமாக இருப்பதும் கொழும்பில் இரசனையின் அடையாளமாக இருப்பதும் வேடிக்கைதான்.

ரைல்ஸ் கூடாது என்பது எனது வாதமல்ல. குசினிக்கும் குளியலறைக்கும் அது சிறந்தது. எண்ணெயும் புளியும் சீமெந்தைக் கறைப்படுத்தும், அரிக்கும். மாவிடித்துத் தூசு தட்டும் வீட்டில் துடைப்பதற்கு இலகுவானது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்கும் முறை தெரியவேண்டும். கடையில் ஒரு ரைல்ஸின் விலையைக் கேட்டு இன்னொன்றின் விலையோடு ஒப்பிடுவது பெரும் ஏமாற்றம். 24 அங்குலச் சதுரம் 16 அங்குலச் சதுரத்தைப் போல இரண்டேகால் மடங்கு பரப்பை மூடும். ஆகவே சதுர அடிக்கு என்ன விலை என்றே கேட்கவேண்டும். அதோடு பசைக்கலவை, சுவரோரப் பட்டை, இடைவெளிப் பூச்சு, கூலி, வெட்டும்போது வீணாகும் பங்கு ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு 24 அங்குல ரைல்ஸ் 250 போதும் என்பது கடதாசிக் கணக்கு. 270க்குக் குறையாமல் வேண்டும். மிஞ்சுவதை எறியவேண்டாம். 2020இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் ரைல்ஸ் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, உடைந்த நான்கு ரைல்ஸுக்கு அதே நிறத்தைத் தேடி நகரமெல்லாம் திரிந்தவர்களை நான் அறிவேன்.

தரத்தைப் பார்க்கவும் எளிய வழி உண்டு. ரைல்ஸைத் திருப்பி அதன் முதுகில் சில துளி தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது சாதாரண செரமிக். துளி அப்படியே நின்றால் இறுகச் சுட்ட போர்சலின் வகை. பின்னையதே தரைக்கு நீடித்து உழைக்கும். பூச்சுள்ள ரைல்ஸின் தேய்மானத் தாங்குதிறனை பி.ஈ.ஐ. என்ற அளவால் ஒன்று முதல் ஐந்து வரை குறிப்பார்கள். வீட்டுத் தரைக்கு மூன்றோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். சுவருக்கென்று செய்ததை விலை மலிவு என்று தரையில் பதிக்கக்கூடாது. பதிக்கும்போது மேசன் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவையை உருட்டி வைத்து ஒட்டுகின்றாரா என்று பாருங்கள். அப்படி ஒட்டியது தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும். கனமான அலுமாரியின் கால் பட்டால் வெடிக்கும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் அவசரம் கூடும் என்பதால், இயன்றவர்கள் நாட்கூலிக்குப் பேசுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வழுக்கல். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் எட்டில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவராக இருந்தார். அந்தப் பங்கு அதன் பின்னர் கூடியிருக்கின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உழைக்கின்ற பிள்ளைகள் ஊரில் வீடு கட்டுகின்றார்கள். கைத்தொலைபேசிக்கு வந்த படத்தைப் பார்த்து ரைல்ஸைத் தெரிவுசெய்கின்றார்கள். படத்தில் அழகாகத் தெரிவது மினுக்கம். அந்த மினுக்கத்தின் மேல் தினமும் நடக்கப்போகிறவர் எழுபது வயது அம்மா. நான் சென்ற ஒரு குடிபூரலில், வந்தவர்கள் எல்லோரும் நிலத்தில் முகம் பார்க்கலாம் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவோ குசினியிலிருந்து சாமியறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வந்தார். கால் கழுவிவிட்டு ஈரத்தோடு உள்ளே வருவது எங்கள் வழக்கம். ஈரக் காலுக்கும் மினுக்கிய ரைல்ஸுக்கும் பகை. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பழையபடி எழுந்து நடப்பது அரிது.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். அம்மாவுக்கு வீடு கட்டுவதாயின் மங்கல் பரப்புள்ள ரைல்ஸைக் கேளுங்கள். ஜேர்மனிய அளவுமுறையில் வழுக்காத தன்மையை ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிப்பார்கள். குளியலறைக்கும் விறாந்தைப் படிக்கும் ஆர் 10 அல்லது 11 என்பதைப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். அந்த விபரம் கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், ஒரு துண்டைக் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறைத் தரை வாயிலை நோக்கியல்ல, வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்த வீடுகள் எத்தனையோ.

பலகைத் தரை கறையானுக்கு இரை. சுருள்களாக விற்கப்படும் பிளாஸ்ரிக் விரிப்பு ஈரம் ஏறும் நிலத்தில் மணக்கத் தொடங்கும். இவற்றைப் பற்றி இதற்குமேல் எழுதவேண்டியதில்லை.

2021இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022இன் நடுப்பகுதியில் மூவாயிரத்தை அண்டியது. அந்த ஏற்றத்தில் பாதியில் நின்ற வீடுகள் பல. ஆகவே கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பதைவிட, குசினிக்கும் குளியலறைக்கும் மட்டும் இப்போது ரைல்ஸ் பதித்து, மற்ற அறைகளுக்கு நல்ல சீமெந்து நிலம் போட்டுக் குடிபுகுவதே புத்தி. பத்து வருடம் கழித்து வசதி வந்தால், அதே சீமெந்து நிலத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே ரைல்ஸ் பதிக்கலாம். அதற்கு ஒரே ஒரு முன்னேற்பாடு வேண்டும். ரைல்ஸும் பசையும் சேர்ந்து முக்கால் அங்குலம் உயரும். பின்னர் கதவுகள் தரையில் இடிக்கும். எதிர்காலத்தில் கதவின் அடியை அறுத்துக்கொள்ள இடம் விட்டு அடிச்சட்டத்தை அகலமாக வைக்குமாறு, கதவு செய்பவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.