ஏறாத கோட்டைக்கு என்ன சண்டை?

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆரில் போயிருப்பீர்கள். மரக்காணத்தில் ரோட்டை ஒட்டியே உப்பளம் வரும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் அம்பாரம் அம்பாரமாக உப்பு. வண்டியை ஓரம் கட்டி ரெண்டு போட்டோ எடுப்பீர்கள். அப்புறம் நேரே பாண்டி. அங்கே பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நெட்டுக்குத்தாக நிற்கிற கருங்கல் தூண்களில் சாய்ந்துகொண்டு இன்னும் ரெண்டு போட்டோ.

அந்தத் தூண்கள் எந்த ஊர் தூண்கள் தெரியுமா? செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து, பதினோரு வருஷம் கையில் வைத்திருந்தார்கள். அப்போது பெயர்த்துக்கொண்டு போனவை. ஆக, கோட்டை உங்களைத் தேடிக் கடற்கரைக்கே வந்துவிட்டது. நீங்கள் அதைத் தேடி ஒரு தடவையாவது மேற்கே திரும்பியிருக்கிறீர்களா? மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியாக 60, 65 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

கேட்கிற எனக்கும் யோக்கியதை குறைவுதான். நான் உப்பளத்து ஊர்க்காரன். செஞ்சியும் எங்கள் விழுப்புரம் மாவட்டம்தான். ஆனால், முப்பது வயசு வரைக்கும் திருவண்ணாமலை பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பள்ளிக்கூடத்தில் டூர் என்றால் மகாபலிபுரம், முதலைப் பண்ணை. இப்போது அதுவும் போய், தண்ணீரில் சறுக்குகிற தீம் பார்க். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் பஸ்ஸாக ஜனங்கள் கிரிவலத்துக்குப் போகிறார்கள். கோட்டை மலைகளுக்கு நடுவே புகுந்துதான் அந்த ரோடே போகிறது. ஒரு மலையைச் சுற்றப் போகிறவர்களுக்கு, வழியில் இருக்கிற மூணு மலை கண்ணில் படுவதில்லை!

2025 ஜூலையில் திடீரென்று எல்லோருக்கும் செஞ்சி ஞாபகம் வந்தது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். ‘இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. வந்ததே சண்டை! ‘மராத்தியன் கோட்டையாமே, தமிழன் கட்டினதை எப்படி அப்படிச் சொல்லலாம்?’ என்றார் ஒருவர். ‘தமிழன்னு பொதுவா சொல்லாதீங்க, கட்டினது எங்க ஆளுங்க’ என்றார் இன்னொருவர். ‘நாயக்கர் இல்லேன்னா அது வெறும் பாறை’ என்றார் மூணாவது ஆள். எங்கள் ஊர் டீக்கடையிலேயே நாலு கட்சி.

சண்டையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-ல். மராத்தியர் கையை விட்டு அது போனது 1698-ல். மொத்தம் 21 வருஷம். பதிமூணாம் நூற்றாண்டு வாக்கில் ஆனந்தக் கோன் ராஜகிரியில் ஆரம்பித்து வைத்தார். அப்புறம் விஜயநகரத்தின் கீழ் வந்த நாயக்கர்கள்தான் மதிலை இழுத்து, களஞ்சியம் கட்டி, அதை ஒரு ராஜதானியாக ஆக்கினார்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தான், பிறகு சிவாஜி, அப்புறம் மொகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சு, 1761-ல் இங்கிலீஷ்காரன், 1780-ல் ஹைதர் அலி. இத்தனை பேர் வாழ்ந்த வீட்டுக்கு ஒரே ஒரு குடித்தனக்காரர் பெயரில் போர்டு மாட்டினால் உறுத்தத்தான் செய்யும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால், அந்த நாலு பேரையும் ஒரு கேள்வி கேட்டேன். ‘ராஜகிரி உச்சிக்குப் போயிருக்கீங்களா?’

ஒருத்தரும் போனதில்லை. ஒருவர் மட்டும், ‘ரோப் கார் விட்டா வரலாம் சார்’ என்றார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏறுவது கஷ்டமாக இருக்கிறதே என்கிறீர்கள். கஷ்டமாக இருக்கட்டும் என்றுதானே ஐயா கட்டினார்கள்! 800 அடி உயரம். வாசலுக்கு மேல் வாசல். படி செங்குத்தாக ஏறி, மூச்சு வாங்கித் திரும்புகிற இடத்தில் ஒரு மதில் எதிரே வந்து நிற்கும். கடைசியில், உச்சிக்குப் பக்கத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஒரு கிடுகிடு பள்ளம். அதைத் தாண்ட ஒரே ஒரு மரப்பாலம். ஆபத்து வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான், சில பேர் உள்ளே இருந்துகொண்டு ஒரு படையையே வெளியே நிறுத்தலாம். இதைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு தாண்டிப் போய் என்ன பார்க்கப் போகிறீர்கள்? மேலே பார்க்க ஒரு கோயில், ஒரு மணிக்கூண்டு, ஒரு களஞ்சியம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டையில் பார்க்க வேண்டிய முதல் பொருள் உங்கள் முழங்கால் வலி. வயசானவர்கள், முடியாதவர்களை நான் சொல்லவில்லை. அடிவாரத்தில் கல்யாண மகால் இருக்கிறது, குதிரை லாயம் இருக்கிறது, வெங்கட்ரமணர் கோயில் இருக்கிறது. அதைப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். நான் சொல்வது இருபத்தைந்து வயசில் ரோப் கார் கேட்கிறவர்களை.

சுவிட்சர்லாந்தில் பெலின்சோனா என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. அங்கேயும் நம் செஞ்சி மாதிரியே மூணு கோட்டை. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வருகிற பாதையின் குரல்வளையைப் பிடித்த மாதிரி நிற்கின்றன. 2000-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அவற்றை இன்றைய வடிவத்துக்குக் கட்டியது சுவிஸ்காரர்கள் இல்லை. மிலான் நகரத்துப் பிரபுக்கள் கட்டினார்கள், சுவிஸ்காரர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக! சுவிஸ்காரர்கள் வந்தேவிட்டார்கள். கோட்டைக்குத் தங்கள் மாநிலங்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அது அவர்கள் நாட்டுச் சொத்து. தங்களைத் தடுக்கக் கட்டின சுவரைத் தாங்களே பூசிப் பாதுகாக்கிறார்கள். ‘அங்கே ஒரு கோட்டைக்கு லிஃப்ட் இருக்கிறதே’ என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவீர்கள். இருக்கிறது. ஊரை ஒட்டின சின்னப் பாறை அது. பாறையைக் குடைந்து உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அந்த அக்கறையோடு வாருங்கள், அப்புறம் லிஃப்ட் பற்றிப் பேசலாம்.

அவ்வளவு தூரம் போவானேன். தேசிங்கு ராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சி என்றதும் உங்களுக்கு வருகிற ஒரே பெயர் அதுதான், இல்லையா? எம்.ஜி.ஆர். நடித்து 1960-ல் படம்கூட வந்தது. தேசிங்கு ஆண்டது ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று முறைத்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் செத்தபோது வயசு 22. ஆள் தமிழனா? இல்லை. வடக்கே இருந்து வந்த பந்தேல ராஜபுத்திரன், தேஜ் சிங். ஆனால், நம் ஊர் பாட்டுக்காரனும் கூத்துக்காரனும் அவனிடம் ஜாதி சர்டிபிகேட் கேட்கவில்லை. தேஜ் சிங்கை தேசிங்கு ஆக்கி, முந்நூறு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறான். கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்து அவனுக்காகச் செத்த முஸ்லிம் நண்பனையும் சேர்த்தே பாடுகிறான். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டுக்காரனுக்கு இருந்த மனசு, பட்டியலைப் பார்த்துச் சண்டை போடுகிற நமக்கு ஏன் இல்லை?

போன மார்கழியில், மழை விட்டு, உப்பளத்தில் இன்னும் வேலை தொடங்காத நாட்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். நாற்பது வருஷமாக உப்பு வாருகிறவர். மழைக் காலத்தில் கையில் காசும் இருக்காது, வேலையும் இருக்காது. ‘எனக்கெதுக்குடா கோட்டை’ என்றுதான் வந்தார்.

கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்தார். வெளியே இருக்கிற குளத்திலிருந்து சுட்ட மண் குழாய் வைத்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள் என்று சொன்னேன். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் இல்லையா, அதை நம்பாமல், குளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அவரே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு களஞ்சியம். தடி தடியான சுவர், குகை மாதிரி உள்ளே இருட்டு. மொகலாயர் படை எட்டு வருஷம், 1690-லிருந்து 1698 வரைக்கும் இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னேன். 1693-ல் வளைத்து நின்றவர்களே சோற்றுக்கு வழியில்லாமல் வந்தவாசிக்குப் பின்வாங்கினதையும் சொன்னேன்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘நெல்லு இங்க வெச்சாங்க, சரி. உப்பு எங்கடா வெச்சாங்க?’ என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. மலையில் நெல் வராது என்றாலும் சுற்றிலும் வயல் இருக்கிறது. குளம் வெட்டினால் தண்ணீர் இருக்கிறது. உப்பு மட்டும் கடலோரத்திலிருந்துதான் வண்டி கட்டி வர வேண்டும். மரக்காணத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஆலம்பரைக் கோட்டை, 1760-ல் இங்கிலீஷ்காரன் இடித்துப் போட்ட செங்கல் சுவர்களோடு கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதே, அந்தத் துறையிலிருந்து கப்பலில் உப்பு போயிருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். எயில் என்றால் மதில். அங்கே புறப்படுகிற பாணன் கடைசியில் போய்ச் சேர்கிற கிடங்கில், இன்றைய திண்டிவனத்துப் பக்கம். கடற்கரையிலிருந்து மேற்கே போகிற பாதை ரெண்டாயிரம் வருஷப் பழசு. நமக்குத்தான் அது மறந்துபோய், வடக்கு தெற்காக மட்டும் கார் ஓட்டுகிறோம்.

கோட்டை யாருடையது என்று கேட்கிறவர்களே, அந்த உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இத்தனை படி ஏறினவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்? கல் உடைத்தவன், 13 கிலோமீட்டர் மதிலுக்குச் சுண்ணாம்பு குழைத்தவள்? அவர்கள் பெயரில் ஒரு சண்டை போடுங்களேன், நானும் கொடி பிடிக்கிறேன்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் கிழக்கே பார்த்தார். பனி மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்காரலாம் என்று ஒரு சுவரோரம் ஒதுங்கினால், சுவர் பூராவும் பெயர்கள். இதயம், அம்பு, ரெண்டு பெயர், ஊர், தேதி. முந்நூறு, நானூறு வருஷம் பீரங்கிக்குத் தாக்குப்பிடித்த சுண்ணாம்பில் ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ போர்டில் மராத்தியன் பெயர் இருந்தால் ரத்தம் கொதிக்கிறதே, இதைப் பார்த்தால் கொதிக்காதா? தேடித் தேடிப் படித்துக்கொண்டே வந்த அண்ணன், ஓரிடத்தில் நின்றுவிட்டார். இதயத்துக்குக் கீழே, கோணல் மாணலாக, ‘மரக்காணம்’.

ஒன்றும் பேசவில்லை. துண்டில் பாட்டில் தண்ணீரை ஊற்றி, கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்தார்.

இந்த வருஷம் பொங்கல் லீவில் எங்கள் தெருப் பையன்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அண்ணன்தான் தலைவர். மலையடிவாரத்திலேயே பாக்கெட்டைச் சோதனை போடுவாராம், ஆணி, சாக்பீஸ் எதுவும் இருக்கக் கூடாது. நீங்களும் வரலாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் எதில் ஏறினாலும் செஞ்சியில் இறங்கிக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே ஏற ஆரம்பித்துவிடுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டப் பையை மட்டும் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும்.